போட்டவன் நிற்கும் இடம்

விமானத்திலிருந்து குதிக்கிறவர்கள் பலர் உண்டு. குதித்த இடத்தில் மண்ணைத் தட்டிவிட்டுப் பாலம் போட ஆரம்பிக்கிறவர்கள் கொஞ்சம் பேர்தான். அந்தப் பொறியாளர் படைக்கு அதில் ஒரு கர்வம் உண்டு. இருக்கட்டும், நியாயமான கர்வம்தான்.

அங்கே பாலம் போடக் கற்றுக்கொடுத்தவர் சுபேதார் சவரிமுத்து. எல்லோருக்கும் அவர் சாப். பாராட்டுவதில் மகா கஞ்சன். அவர் வாயிலிருந்து ஒரு 'பரவாயில்லை' வந்துவிட்டால் பையன்கள் அதை ஒரு வாரம் சொல்லித் திரிவார்கள்.

அவரிடம் பயின்றவன் குணாளன். அவன் அண்ணன் வேலப்பனும் அதே படையில் இருந்து, எல்லைப் போரில் இறந்தவன். நினைவு நாளுக்கு முந்தின மாலை குணாளன் சாப்பிடம் வந்தான்.

"அண்ணன் பாலத்தைப் போட்டு முடிச்சிட்டான். அப்புறம் எதுக்கு சாப் அதுக்குக் கீழே போய் நின்னான்?"

"முதல் வண்டி போறப்ப, போட்டவன் கீழே நிக்கிறது நம்ம வழக்கம். பாலம் விழுந்தா முதல்ல அவன் மேல விழணும்."

"உத்தரவா?"

"இல்ல."

"கரையில நின்னிருந்தா குண்டு அவன் மேல பாஞ்சிருக்காது. பாலத்துக்கு ஒண்ணும் ஆகல. லாரி அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்துடுச்சு. அவன்தான் இல்ல. வீணாச் செத்தானா சாப்?"

இதை அவன் இதுவரை யாரிடமும் கேட்டதில்லை.

"நாளைக்கு ஓடைப் பாலத்தை நீ போடு" என்றார் சாப்.

நினைவு நாளில் அந்தப் படை முகாமை ஒட்டிய ஓடை மேல் ஒரு பாலம் போடும். இறந்தவர்களின் குடும்பத்தினர் முதல் லாரியில் ஏறி அதைக் கடப்பார்கள். மாலையும் மலர்வளையமும் அதற்குப் பிறகுதான்.

குணாளனும் அவன் குழுவும் காலையிலேயே வேலையைத் தொடங்கினார்கள். ஒவ்வொரு போல்ட்டையும் அவனே முடுக்கினான். முடித்ததும் லாரி வந்தது. டிரைவருக்குப் பக்கத்தில் அவன் அம்மா பூரணம் உட்கார்ந்திருந்தாள்.

"நீ போட்டதாடா?"

"ஆமாம்மா."

"சரி" என்று முந்தானையைச் செருகிக்கொண்டு முன்னால் பார்த்தாள்.

குணாளன் கரையில் சாப்புக்குப் பக்கத்தில் போய் நின்றான். லாரி உறுமியதும் அவன் கண் போல்ட் போல்ட்டாகப் பாலத்தை மறுபடி சரிபார்த்தது.

"பாராசூட்டை நம்பிக் குதிக்கிறே. நீ போட்ட பாலத்தை நம்ப மாட்டியா?" என்றார் சாப்.

"நம்புறேன் சாப்."

சொன்னவன் அங்கே நிற்கவில்லை. சரிவில் வழுக்கிக்கொண்டு இறங்கி, முழங்கால் தண்ணீரில் பாலத்துக்கு நேர் கீழே போய் நின்றான். தலைக்கு மேல் பலகைகள் முனகின. புழுதி கண்ணில் கொட்டியது. அவன் கண்ணை மூடவில்லை. லாரி கடந்து போயிற்று.

நனைந்த பூட்ஸோடு மேலே ஏறி வந்தான்.

"பாலம் பரவாயில்ல" என்றார் சாப். அது அவன் காதில் ஏறவே இல்லை.

"நான் உன்னை இறங்கச் சொன்னேனா?"

"இல்ல சாப்."

"பின்னே?"

"மேலே அம்மா இருந்தாங்க."

எதிர்க்கரையில் பூரணம் லாரியிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தாள். சாப் தொப்பியைச் சரிசெய்துகொண்டு அவள் பக்கம் திரும்பி விறைப்பாக நின்றார்.

"அன்னிக்கு வேலப்பன் தலைக்கு மேல போன லாரி நிறைய அடிபட்டவங்க கிடந்தாங்க" என்றார். "அதுல ஒருத்தரைக்கூட அவனுக்குத் தெரியாது."