ஒர்க்ஸ்டேஷனுக்கு இன்னும் ஒரு ஆள்

பூவிளம்பேட்டை பொறியியல் கல்லூரியில் மூளை என்பது நூலகத்துப் புத்தகம் மாதிரி. இருக்கும், யாரும் எடுக்க மாட்டார்கள். அங்கே கடைசி வருடம் படித்த திருமேனி, அலெக்ஸ், நவநீதன் மூவரும் நூலகம் இருக்கும் திசையே தெரியாதவர்கள். நல்ல பிள்ளைகள்தான். சொன்னதைச் சொன்னபடி செய்வார்கள், அதுதான் வம்பு.

ஒரு பாலத்தை முப்பரிமாணப் படமாகச் செய்து வெள்ளிக்கிழமை சாயங்காலத்துக்குள் பல்கலைக்கழகத்துக்கு அனுப்ப வேண்டும். தவறினால் மூவருக்கும் ஒரு வருடம் வீண். அவர்களுடைய பழைய லேப்டாப்போ முதல் தூணிலேயே மயங்கி விழுந்தது. ஒர்க்ஸ்டேஷன் என்கிற பெரிய கம்ப்யூட்டர்தான் அதைத் தாங்கும். கடையில் அதன் விலையைக் கேட்ட அலெக்ஸுக்குக் கடைக்காரர் தண்ணீர் கொடுத்து உட்காரவைத்தார்.

துறைத் தலைவி மேகலா மேடத்துக்குப் பாவமாக இருந்தது.

"தனியா வாங்கினா கட்டுப்படியாகாதுப்பா. ஷேர் ஆட்டோ மாதிரி ஆள் சேர்த்துக்குங்க. ஆளுக்குக் கொஞ்சம்தான் விழும்."

மூவரும் சைக்கிள் ஸ்டாண்டில் கூடி ஆலோசித்தார்கள்.

"எத்தனை பேர் ஏத்தலாம்?" என்றான் திருமேனி.

"பதினஞ்சு பேர். அதுக்கு மேல போனா தொங்கணும்" என்றான் அலெக்ஸ்.

"அப்ப டிரைவர் யாரு?"

இது பெரிய கேள்வி. பட்டறை வகுப்புக்குத் தைத்த காக்கிச் சட்டை நவநீதனுக்குத்தான் கிழியாமல் இருந்தது. அவனே டிரைவர் என்று முடிவாயிற்று.

மூவரையும் சேர்த்துப் பதினான்கு பேர் தேறினார்கள். பாக்கி இருந்த ஒரு பங்கை, படிக்கிற பிள்ளைகள் என்று கடைக்காரரே தள்ளிக் கொடுத்தார். திங்கட்கிழமை ஒர்க்ஸ்டேஷன் ஆய்வுக்கூடத்துக்கு வந்து இறங்கியது. எல்லாரும் ஒரே பெஞ்சில் இடித்துப் பிடித்து உட்கார்ந்தார்கள். ஓரத்தில் இருந்தவன் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டான். நவநீதன் சுவிட்சில் கை வைத்தான், உடனே எடுத்துவிட்டான்.

"ஒரு சீட் காலியா இருக்கே."

"காசுதான் முழுசா கட்டியாச்சே, போடுறா" என்றான் ஜன்னல் கம்பிக்காரன்.

"காலி சீட்டோட எந்த ஷேர் ஆட்டோடா கிளம்பியிருக்கு?"



"எனக்கு அவசரம்ப்பா" என்று ஒருவன் முனகினான்.

"அவசரம்னா தனியா ஒண்ணு வச்சுக்கிட்டுப் போ."

அலெக்ஸ் கல்லூரி வாசலில் நின்று, "கம்ப்யூட்டர், கம்ப்யூட்டர், ஒரே ஒரு ஆள்" என்று கூவினான். தொண்டை கட்டியதுதான் மிச்சம். வியாழக்கிழமை ஒரு பெரியவர் மட்டும் வந்து, "பஸ் ஸ்டாண்டு போகுமா தம்பி?" என்று கேட்டார்.

"இன்னும் எடுக்கவே இல்லீங்க. எடுத்தாத்தான் தெரியும்" என்றான் அலெக்ஸ். பெரியவர் நடந்தே போனார்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் மேகலா மேடம் மூச்சிரைக்க ஓடி வந்தார்.

"பாலம் எங்கடா?"

"ஒரு சீட் காலி, மேடம். நீங்க ஏறினா உடனே கிளம்பிடும்" என்றான் நவநீதன்.

மேடத்துக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. ஆனால் திட்டுவதற்கு நேரம் இல்லை. பெஞ்சில் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்தார்.

"காசு?" என்றார் எரிச்சலாக.

"இறங்கறப்ப குடுங்க, மேடம்."

"நடுவுல நிறுத்திடாதே. நிறுத்தினா மறுபடி முதல்லேர்ந்து ஆரம்பிக்கும், அதுக்குள்ள சாயங்காலம் போயிடும்."

"நிக்காது, மேடம்."

ஒர்க்ஸ்டேஷன் உறுமிக் கிளம்பியது. திரையில் ஒவ்வொரு தூணாக எழும்பியது. ஐந்து மணிக்குக் கடைசித் தூண் ஒன்றுதான் பாக்கி. பிள்ளைகளின் ஒரு வருடம் தப்பித்தது என்ற சந்தோஷத்தில் மேடத்துக்குக் கண் கலங்கிவிட்டது. இதோ அனுப்பப் போகிறோம் என்று பல்கலைக்கழகத்துக்குப் போன் செய்ய எழுந்தார்.

நவநீதன் சட்டென்று சுவிட்சை அணைத்தான். திரை இருண்டது. பாலம் போயிற்று.

"அடப்பாவி, ஏன்டா நிறுத்தினே?"

"நீங்க இறங்கறீங்களே, மேடம். ஓடற வண்டியிலேர்ந்து இறங்கினா அடிபடாதா?" என்றான் நவநீதன் அக்கறையோடு. பிறகு கையை நீட்டினான்.

"சில்லறையா குடுங்க, மேடம்."