பன்மை

"சிஸ்டர், ஒரே சொல்லை இரண்டு இடத்தில் வெட்ட வேண்டியிருக்கிறது. எது சரி?" என்று கேட்டார் பூரணலிங்கம்.

தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். பாளையங்கோட்டைக் கன்னியர் மடத்தில் ஞானசீலி சிஸ்டரிடம் ஸ்பானிஷ் படித்துக்கொண்டிருந்தார். சிஸ்டர் அவரைவிட வயதில் மிகவும் இளையவர். ஸ்பானிஷ் பேசும் பெரு நாட்டில் வேலை பார்த்துவிட்டுத் திரும்பியவர்.

"எந்தச் சொல் ஐயா?"

"கொமேமோஸ். சாப்பிடுகிறோம். வாய் அதை கொ-மே-மோஸ் என்று பிரிக்கிறது. இலக்கணம் கொம்-ஏ-மோஸ் என்று பிரிக்கிறது. கொம் பகுதி, மோஸ் விகுதி."

"இரண்டும் சரிதான். முதலாவது அசை. அடுத்தது பகுபத உறுப்பு."

பூரணலிங்கத்துக்கு அது போதவில்லை.

"எல்லா வினைச்சொல்லையும் இரண்டு விதமாகவும் பிரித்துப் பார்த்துவிடுகிறேன். அப்புறம் பேச ஆரம்பிக்கலாம்."

"யாரோடு?"

"மருமகளோடுதான். இனெஸ் ஸ்பெயினிலிருந்து வந்து மூன்று மாதம் ஆகிறது. தமிழ் இன்னும் வரவில்லை. ஊருக்கே திரும்பிவிடலாமா என்று மகனிடம் கேட்டிருக்கிறாள்."

சிஸ்டர் கையிலிருந்த சாக்பீஸைக் கீழே வைத்தார்.

"பகலில் வீட்டில் யார் இருப்பார்கள்?"

"நானும் அவளும்தான். மகன் சமைத்து வைத்துவிட்டு வேலைக்குப் போய்விடுவான்."

"மத்தியானம் எங்கே சாப்பிடுவீர்கள்?"

"என் அறையில். படித்துக்கொண்டே சாப்பிடுவேன்."

"அவள்?"

"கூடத்தில். கதவருகே வந்து 'கொமோ' என்று சொல்லிவிட்டுப் போவாள். சாப்பிடுகிறேன் என்று அர்த்தம். தன்மை ஒருமை. விகுதி ஓ."

வெளியே யாரோ தண்ணீர் இறைக்கும் சத்தம் கேட்டது.

"சரியாகத்தானே பிரித்தேன்?"

"சரிதான். அதைப் பன்மை ஆக்கிக்கொண்டு வாருங்கள். அதுதான் இன்றைய வீட்டுப்பாடம்."

"இதற்கு வீட்டுக்குப் போக வேண்டுமா? இப்போதே சொல்கிறேன். கொமேமோஸ்."

"வாயால் சொல்லச் சொல்லவில்லை ஐயா."

"எழுதிக் காட்டவா?"

"எழுதவும் வேண்டாம்."

பூரணலிங்கம் சிஸ்டரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தார். மத்தியானமாகிக்கொண்டிருந்தது.

"பிழையாகப் பேசிவிட்டால் என்ன நினைப்பாள் சிஸ்டர்?"

சிஸ்டர் கரும்பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

பூரணலிங்கம் எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டார்.

வீட்டில் இனெஸ் கூடத்து மேசையில் ஒரு தட்டை வைத்துக்கொண்டிருந்தாள். பூரணலிங்கம் அடுக்களைக்குள் போய் இன்னொரு தட்டை எடுத்து வந்தார். அவளுக்கு எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

இனெஸ் கரண்டியைப் பிடித்தபடி அப்படியே நின்றாள்.

பிறகு அவரிடம் ஏதோ கேட்டாள். வேகமாக, நீளமாக, சிரித்துக்கொண்டே கேட்டாள். அதில் ரசம் என்ற ஒரு சொல் மட்டும்தான் அவருக்குப் பிடிபட்டது.

தட்டை நீட்டினார்.