வண்டு தள்ளிய பூ

கோரைக்குளத்தங்கரையில் ஒரு முள்ளம்பன்றிக்கும் ஒரு நீர்நாய்க்கும் ஆகவே ஆகாது. முள்ளம்பன்றியின் பெயர் கூர்மணி. நீர்நாயின் பெயர் நீந்தன். இருவரும் ஒரே காட்டுப் பள்ளியில்தான் படித்தார்கள். பொறி செய்வதில் இருவருமே கெட்டிக்காரர்கள், வினையே அதுதான்.

பொறி என்றால் எலி பிடிக்கிற பொறி இல்லை. தானாக ஓடுகிற வண்டி. இரண்டு பனங்காய்ச் சக்கரம், நடுவே ஓர் அச்சு, அதில் முறுக்கிச் சுற்றிய கொடி. கையை எடுத்தால் கொடி அவிழ அவிழ வண்டி ஓடும். மேலே வைத்த நெல்லிக்காயைக் கோட்டுக்கு அப்பால் கொண்டுபோய்த் தள்ளும்.

பிள்ளைகள் விளையாட்டுக்கு இத்தனை மவுசா என்று கேட்கலாம். காரணம் தண்ணீர். கோடையில் ஆறு வற்றியதும் யானைகள் வந்து மணலைத் தோண்டி ஊற்று எடுக்கும். எந்தக் கரையில் தோண்டுவது என்று முன்பெல்லாம் காட்டுக்குக் காடு அடிதடி நடந்தது. பார்த்துப் பார்த்துச் சலித்த யானைகள், எந்தக் காட்டுப் பிள்ளைகளின் பொறி ஜெயிக்கிறதோ அந்தக் கரையில்தான் இனித் தோண்டுவோம் என்று சொல்லிவிட்டன. அந்த வருஷம் கோரைக்குளத்தில் சேறுதான் மிச்சம். கூர்மணியின் அம்மா அதை நக்கித்தான் நாக்கை நனைத்துக்கொண்டிருந்தாள்.

ஆற்றங்கரைக்கு எந்தப் பொறி போவது என்று முடிவு செய்ய உள்ளூரில் ஒரு போட்டி வைத்தார்கள். அன்று காலையில் பார்த்து நீந்தனின் வண்டி அச்சு ஒடிந்துவிட்டது. அந்தப் போட்டிக்கு ஒரு வழக்கம் உண்டு. எதிரியே வந்து ஒரு பொருளைக் கேட்டாலும் இல்லையென்று சொல்லக் கூடாது. நீந்தன் வந்து அச்சுக்கு ஒரு முள் கேட்டான். உதிர்ந்து கிடந்த முள் ஒன்றைக் கூர்மணி காலால் தள்ளிவிட்டாள். கொடுத்ததும் கொடுத்தாள், பிச்சை போடுவதுபோலக் கொடுத்தாள்.

கணக்குப் பார்ப்பவர் மரங்கொத்தி. ஒரு நெல்லிக்காய் கோட்டைத் தாண்டினால் பட்டுப்போன மருதமரத்தில் ஒரு துளை போடுவார். கிழக்குப் பக்கத் துளைகள் கூர்மணிக்கு, மேற்குப் பக்கத் துளைகள் நீந்தனுக்கு. வெயில் ஏறும்வரை வண்டிகள் ஓடின. கடைசியில் மரங்கொத்தி மரத்தைச் சுற்றிச் சுற்றி வந்து எண்ணினார். கிழக்கில் ஒரு துளை கூடுதல். கூர்மணி ஜெயித்தாள்.

கிளிகள் அவள் பெயரைச் சொல்லிக் கத்தின. அவளோடு சேர்ந்து பொறி செய்த உடும்பு வரியன் வாலைச் சுழற்றி ஆடினான். வேங்கைப்பூ மாலை கழுத்தில் விழுந்தது. ஜெயித்தவரின் துளை ஒவ்வொன்றிலும் ஒரு பூவைச் செருகுவது முறை. அம்மா தன் வாயாலேயே பூக்களை எடுத்து ஒவ்வொன்றாகச் செருகினாள்.

ஒரு பூ மட்டும் கீழே விழுந்தது.

அம்மா எடுத்து மறுபடி செருகினாள். அது மறுபடியும் விழுந்தது. மூன்றாம் தடவை அழுத்திச் செருகியபோது பூவைத் தள்ளிக்கொண்டு ஒரு கறுத்த தலை எட்டிப் பார்த்தது. மரம் குடைகிற வண்டு.

"யாரு அது, வீட்டு வாசலை அடைக்கிறது?" என்றது வண்டு. "போன மழைக்கே குடைஞ்ச வீடு இது. அந்தக் கீழ்த் துளையில இருக்கிற பூவையும் எடுங்க. அது எங்க கொல்லை வாசல்."

மரங்கொத்தி இரண்டு துளைகளிலும் அலகை விட்டுப் பார்த்தார். உள்ளே ஒரே வீடு. ஒன்றில்லை, இரண்டு துளை குறைந்தது. அவர் தலை தொங்கிப்போயிற்று. தான் போடாத துளையையும் சேர்த்து எண்ணிவிட்டதாக எல்லார் முன்னாலும் ஒப்புக்கொண்டார். ஜெயித்தது நீந்தன் என்றார்.

கூர்மணிக்கு முதலில் காது அடைத்தது. அப்புறம் முதுகில் இருந்த முள் அத்தனையும் எழுந்து நின்றது. பக்கத்தில் நின்றவர்கள் விலகி ஓடினார்கள்.

"எண்ணத் தெரியாத உங்களுக்கு எதுக்கு மாமா இத்தனை நீள மூக்கு?" என்று மரங்கொத்தியைக் கேட்டாள்.

அவள் கோபத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. கழுத்தில் போட்ட மாலையை ஊர் பார்க்கக் கழற்றச் சொன்னால் யாருக்குத்தான் எரியாது? அதைவிட எரிச்சல் அந்தக் கிளிகள். இவள் பக்கம் கத்திக்கொண்டிருந்தவை, பூ விழுந்த கையோடு மேற்குப் பக்கக் கிளைக்குப் பறந்து, பெயரை மட்டும் மாற்றி அதே பாட்டைப் பாடின. வெட்கம் கெட்டதுகள்.

கூர்மணி மாலையைக் கழற்றிச் சேற்றில் எறிந்தாள். நேரே நீந்தனின் வண்டியிடம் போனாள். அச்சாக இருந்த முள்ளை வாயால் கவ்வி இழுத்தாள். சக்கரம் இரண்டும் இரண்டு பக்கம் உருண்டன. அவன் கண்ணெதிரே அந்த முள்ளை இரண்டாக ஒடித்தாள்.

"என் உடம்புல முளைச்ச முள்ளு. ஒடிப்பேன், என்ன வேணும்னாலும் செய்வேன்."

நீந்தன் உருண்ட சக்கரங்களைப் பொறுக்கிக்கொண்டு போனான். அவன் திருப்பித் திட்டியிருந்தால் அவளுக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும்.

நீர்நாய்கள் அச்சுக்கு மூங்கில் குச்சியை வைத்துப் பார்த்தன. அது பிளந்தது. வேப்பங்குச்சி வளைந்தது. மீன்முள் நொறுங்கியது. மறுநாள் விடிந்தால் ஆற்றங்கரைக்குப் போக வேண்டும், வண்டியோ நகர மறுத்தது.

இதையெல்லாம் புதருக்குள் இருந்து பார்த்த வரியன் குதித்துக்கொண்டு வந்தான். அவர்கள் வண்டி ஓடாவிட்டால் அடுத்த வண்டி நம்முடையதுதான், வாயை மூடிக்கொண்டு இரு, இன்னொரு முள் மட்டும் கொடுத்துவிடாதே என்றான். பிடித்த பிடியை விடாதது உடும்பு. கூர்மணிக்கும் அது இனிக்கத்தான் செய்தது.

பொழுது சாய்கிற நேரத்தில் நீந்தனே அவள் வளைக்கு வந்தான். கையில் ஓர் உருண்டைத் தேன்மெழுகு. முள் கேட்டுத்தான் வந்திருக்கிறான் என்று நினைத்து, இல்லையென்று சொல்ல வாயைத் திறந்தாள். அவன் முள் கேட்கவில்லை.

"எங்க வண்டி ஓடாது. மரங்கொத்தி மாமாகிட்ட சொல்லிட்டேன், நாளைக்கு உன் வண்டி போகட்டும்" என்றான். "ஆனா உன் வண்டி வலப்பக்கம் இழுக்குது. இந்த மெழுகை அச்சுல தேய். எங்க வண்டி நேரா ஓடினது இதாலதான்."

சொல்லிவிட்டு மெழுகைக் கீழே வைத்தான்.

கூர்மணிக்கு வந்த கோபம் இருக்கிறதே, காலையில் வந்ததெல்லாம் ஒரு கோபமே இல்லை. வலப்பக்கம் இழுத்ததை அவளும் பார்த்திருந்தாள். கோட்டை எட்டாமல் ஓரத்தில் விழுந்து வீணான நெல்லிக்காய்களும் கண் முன்னே வந்தன. மெழுகு தேய்த்தாலும் ஒரே நாளில் அந்த வண்டி நேராகாது. ஆற்றங்கரையில் அது தோற்கும் என்று அவளுக்குத் தெரியும். வரியனுக்கும் தெரியும். தோற்றால் ஊற்று அக்கரைக்குப் போகும். வளைக்குள்ளே அம்மா வறண்ட நாக்கால் உதட்டைத் தடவுகிற சத்தம் கேட்டது.

யார்மேல் கோபப்படுவது? எண்ணத் தெரியாத மரங்கொத்தி மேலா? கொல்லை வாசல் வைத்துக் கட்டிய வண்டின் மேலா? தனக்கு உரியதை வாங்கிக்கொண்டு, அதையும் அவளிடமே நீட்டுகிற இந்த நீர்நாய் மேலா? தேடிப் பார்த்ததில் கடைசியில் அகப்பட்டது அவளேதான். அது இன்னும் எரிந்தது.

அவள் முதுகை வளைத்தாள். உதிர்ந்த முள் இல்லை, நன்றாக வேரூன்றிய நீள முள் ஒன்றைப் பல்லால் கவ்விப் பிடுங்கினாள். ரத்தம் கசிந்தது. முள்ளை அவன் காலடியில் போட்டாள்.

"எனக்குக் கோபம் தீரல. தீரும்னும் எதிர்பார்க்காத" என்றாள். "ஆனா ஜெயிச்சது நீதான். போய் ஓட்டு. தோத்துட்டு மட்டும் வந்து நின்ன, மிச்ச முள்ளு பூரா உன்மேலதான்."

வரியன் தலையில் அடித்துக்கொண்டான். கூர்மணி அவனைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

மறுநாள் எல்லாரும் ஆற்றங்கரைக்குப் போனார்கள். கூர்மணியும் போனாள். யாரோடும் பேசாமல், முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு, பின்னாலேயே நடந்தாள். அங்கே எதிர் அணி அக்கரை மேட்டுக்காட்டு முயல்கள். யானைகள் நிழலில் நின்று வேடிக்கை பார்த்தன. நீந்தனின் வண்டி அம்பு விட்டாற்போல நேராகப் போயிற்று. முயல்களின் வண்டியும் லேசுப்பட்டதில்லை. கடைசியில் மேட்டுக்காட்டு மரங்கொத்தி எண்ணிப் பார்த்து, ஒரே ஒரு துளை அதிகத்தில் கோரைக்குளம் ஜெயித்தது என்றது.

கோரைக்குளத்தார் கூத்தாடினார்கள். யானைத் தலைவி மணலில் கால் வைக்கப் போனாள். கிளிகள் பூக்களைக் கவ்விக்கொண்டு பறந்தன.

"நில்லுங்க" என்று ஒரு குரல் கேட்டது.

கூர்மணி கூட்டத்தைப் பிளந்துகொண்டு துளை போட்ட மரத்தடிக்கு வந்தாள். முள் சிலிர்த்திருந்ததால் எல்லாரும் தாமாகவே வழிவிட்டார்கள். நம் பக்கம் ஜெயித்திருக்கும்போது உனக்கு என்ன கேடு வந்தது என்று சொந்தக் காட்டாரே திட்டினார்கள். கிடைத்த தண்ணீரையும் கெடுத்துவிடாதே என்று வரியன் காலைப் பிடித்தான். அம்மாகூடக் கண்ணால் கெஞ்சினாள்.

"பூ வச்சப்புறம் கழட்டுறது எப்படி இருக்கும்னு எனக்குத்தான் தெரியும்" என்றாள் கூர்மணி. "நாளைக்கு ஒரு வண்டு தலையை நீட்டினா, தோண்டின ஊத்தை மூடுவீங்களா? அந்த முயல் பிள்ளைங்க என்ன பாவம் பண்ணுச்சு?"

நீந்தன் அவளைப் பார்த்தான். தன் கழுத்து மாலையைத் தானே கழற்றிக் கீழே வைத்துவிட்டு அவள் பக்கத்தில் வந்து நின்றான்.

அவள் ஒவ்வொரு துளையாகத் தட்டினாள். ஒவ்வொன்றிலும் வாய் வைத்து, "உள்ளே யாராவது இருக்கீங்களா?" என்று கேட்டாள். ஒரு துளை, இன்னொரு துளை. முயல்கள் பக்கத்துத் துளைகளையும் அவள் விடவில்லை. எல்லாவற்றையும் தட்டி முடித்தாள். எதிலிருந்தும் பதில் இல்லை.

"சரியான கணக்கு" என்றாள்.

முயல்கள்தான் முதலில் பூ எடுத்துக் கொடுத்தன. ஒரு பூவும் கீழே விழவில்லை. யானைத் தலைவி ஆற்றின் கோரைக்குளத்துப் பக்கக் கரையில் காலால் மணலைக் கிளற, குழியில் முதலில் ஈரம் கறுத்தது, பிறகு தண்ணீர் ஊறியது. அக்கரைக் குட்டிகளும் வந்து குடிக்கலாம் என்று நீந்தன் சொன்னான். கூர்மணியின் அம்மா மூக்கு முங்கக் குடித்தாள்.

நீந்தன் கூர்மணியையும் குடிக்கக் கூப்பிட்டான். அவள் வந்து குடித்தாள். குடித்து நிமிர்ந்து, அடுத்த வருஷம் உன்னை மண்ணைக் கவ்வ வைக்கிறேன் பார் என்று சொல்லிவிட்டுத் தன் வண்டியின் வலப்பக்கச் சக்கரத்தைக் கழற்ற உட்கார்ந்தாள். அவள் முதுகு முள் இன்னும் முழுசாகப் படிந்திருக்கவில்லை.

தோற்றால் கோபம் வரத்தான் செய்யும். அந்தக் கோபத்தோடும் சரியான கணக்கைச் சரி என்று சொல்பவரே ஆடத் தெரிந்தவர்.