தட்டிக் கெட்ட கரடி

ஒரு காட்டில் மட்டுமா, ஏழு காடுகளிலும் அந்த ஆண்டு மழை பொய்த்துவிட்டது, பிள்ளைகளே. நடுவில் இருந்த ஏரியில்தான் கொஞ்சம் தண்ணீர் கிடந்தது. முதலில் வந்தவர்களுக்குத் தண்ணீர், பின்னால் வந்தவர்களுக்குச் சேறு. தினமும் அங்கே அடிதடிதான்.

"பன்காட்டு ஆண்கள் ஜூடோப் போட்டி வைப்போம். காட்டுக்கு ஒருவர் வரட்டும். வென்றவரின் காட்டுக்குக் கோடை முழுவதும் முதல் தண்ணீர்," என்றது கொக்கு. அதையே நடுவராகவும் போட்டார்கள்.

கொக்கு ஒற்றைக் காலில் நின்று விதிகளைச் சொன்னது. "எதிராளியை மல்லாத்தி, நான் இருபது எண்ணும்வரை அமுக்கிப் பிடித்தால் வெற்றி. தாங்க முடியாதவர் தரையை இரண்டு முறை தட்டலாம். தட்டினால் தோற்றதாகப் பொருள். ஆட்டம் அங்கேயே முடிந்தது."

தேன்காட்டுக் கரடி காதைக் குடைந்தது. "தட்டுறது தோக்குறவன் வேலை. அதை எனக்கு எதுக்குய்யா சொல்றே?" என்று விழுந்து விழுந்து சிரித்தது. சிரிப்பு வந்தால் தரையில் ஓங்கி ஓங்கி அறைவது அதன் பழக்கம். மொட்டைப்பாறைக் காட்டு உடும்பு அதைப் பார்த்துக்கொண்டே இருந்தது.

போட்டி தொடங்கியது. அடேங்கப்பா! பாய்ந்து வந்த காட்டுப்பன்றிக்கு உடும்பு வழிவிட்டு, பின்னங்காலைப் பிடித்துக்கொண்டது. உடும்புப்பிடி என்றால் சும்மாவா? வந்த வேகத்திலேயே பன்றி மல்லாக்க விழுந்தது; கொக்கு இருபது எண்ணும்வரை பிடி தளரவில்லை. காட்டெருமைக்கும் அதே கதி.

இறுதிப் போட்டியில் கரடி பாயவே இல்லை. மெதுவாக வந்தது, உடும்பைப் புரட்டியது, மேலே ஏறிப் படுத்துக்கொண்டது.

"ஒன்று, இரண்டு..." என்று கொக்கு எண்ண ஆரம்பித்தது.

உடும்புக்கு மூச்சு முட்டியது. வீட்டில் குஞ்சுகள் தண்ணீர் குடித்து மூன்று நாள் ஆகிறது. ஐயோ, என்ன செய்யும்!

"பதினாறு, பதினேழு..."

"கரடியண்ணே," என்றது உடும்பு, திணறியபடி.

"என்னடா, கடைசி ஆசையா?"

"எழுந்திரிச்சிடாதீங்க அண்ணே. வெளியே வெயில் மண்டையைப் பிளக்குது. இங்க நல்லா நிழலா இருக்கு."

கரடிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. தொப், தொப் என்று தரையில் அறைந்தது.

கொக்கு எண்ணுவதை நிறுத்தி இறக்கையைத் தூக்கியது. "கரடி தட்டிவிட்டது. உடும்புக்கு வெற்றி!"

மரத்திலிருந்த குரங்கு கையிலிருந்த பழத்தை நழுவவிட்டது, எடுக்கக்கூடத் தோன்றவில்லை. உடும்பே நம்பவில்லை. அடியில் கிடந்தபடி, "நானா? நானா?" என்று கேட்டது.

"ஐயையோ, நான் சிரிச்சேன்யா!" என்று அலறியது கரடி.

"சிரித்ததற்கு விதி இல்லை. தட்டியதற்கு உண்டு," என்றது கொக்கு.

மறுநாள் காலை உடும்பின் குஞ்சுகள் வயிறு முட்டக் குடித்தன. பின்னால் வரிசையில் நின்ற கரடிக்குட்டி கேட்டது: "அப்பா, நீ ஜெயிச்சுக்கிட்டுத்தானே இருந்தே?"

கரடி தன் கையையே பார்த்துக்கொண்டு நின்றது.

நீதி: எனக்கு எதற்கு என்று விதியைக் காதில் வாங்காதவன், வெல்லப்போகும் நேரத்தில் அதே விதியால் தோற்பான்.