முதல் சூடு

பிளாஸ்டிக் கழிவைக் காய்ச்சி எண்ணெய் எடுக்கும் கொட்டகையில் பல்கீஸ்தான் குரு. வயது முப்பத்து மூன்று. அவளிடம் தொழில் கற்க வந்த சூசைமாணிக்கத்துக்கு அறுபத்தொன்று.

அன்று கொப்பரையில் பைகளோடு பிவிசி குழாய்த் துண்டுகளையும் போட்டு மூடினார்கள். அவர் மனசு வேலையில் இல்லை.

"மேஸ்திரியம்மா, ஒண்ணு கேக்கணும். தம்பி மகளுக்கு வியாழக்கிழமை கல்யாணம். நான் தோள்ல சுமந்த பிள்ளை. போகணும்னு மனசு கிடந்து துடிக்குது. ஆனா அவன் புதுவீட்டு விருந்துல, எவனோ அதிகாரிக்கு இடம் வேணும்னு பாதிச் சோத்துல என்னை எழுப்பிவிட்டான். பத்தொன்பது வருசமா அவன் வாசப்படி மிதிக்கல. எல்லாத்தையும் முழுங்கிட்டுப் போயிரட்டுமா?"

"தீயை முழுசாத் திறங்க" என்றாள் பல்கீஸ்.

அவர் பதறிவிட்டார். "விளையாடுறீங்களா? உள்ளே குழாய் கிடக்கு! எடுத்த எடுப்புல சூட்டை ஏத்தினா அமிலம் எண்ணெயில கலந்திரும். கொப்பரையையும் அரிச்சிரும்."

"அப்ப எப்படிச் செய்யணும்?"

"இளஞ்சூட்டுல வைக்கணும். அமிலப்புகை முதல்ல வெளியேறி, சுண்ணாம்புத் தண்ணியில அடங்கணும். அப்புறந்தான் பெருந்தீ. நீங்க சொன்னதுதானே!"

அவள் சிரித்தாள்.

அந்த நேரம் பார்த்துத் தம்பி அந்தோணிசாமியே கல்யாணப் பத்திரிகையோடு வந்து நின்றார். "அண்ணே, பெரியப்பா வராம கோயிலுக்குள்ள கால் வைக்கமாட்டேங்கிறா பிள்ளை."

சூசைமாணிக்கம் பல்லைக் கடித்தார். "வர்றேன். பழசெல்லாம் மறந்தாச்சு."

நீட்டிய பத்திரிகையைப் பல்கீஸ் நடுவில் வாங்கிக்கொண்டாள்.

"அண்ணாச்சி, திட்டுங்க."

"யாரை?"

"தம்பியத்தான். அவசரமில்லாம, இளஞ்சூட்டுல."

அவர் தொண்டையைச் செருமினார்.

"கறிக்குழம்பு ஊத்தின இலையில இருந்து எழுப்பினியேடா, பாவி!"

"ஆமாண்ணே."

"ஒரு எலும்பு கூடக் கடிக்கலைடா!"

"தப்புத்தாண்ணே."

"அந்த அதிகாரி என் இலையைப் பார்த்துச் சிரிச்சான்டா!"

"அவன் என் வீட்டுச் செம்பையும் தூக்கிட்டுப் போயிட்டாண்ணே."

பக்கத்தில் குப்பை பிரித்துக்கொண்டிருந்த பெண்கள் முதலில் சிரித்தார்கள். பிறகு தம்பி. கடைசியில், அடக்கமாட்டாமல் அண்ணனும். கண்ணில் நீர் வரச் சிரித்துவிட்டு, துண்டால் முகம் துடைத்துக்கொண்டு பத்திரிகைக்குக் கை நீட்டினார்.

"அவ்வளவுதான் மேஸ்திரியம்மா. தீர்ந்துபோச்சு."

நீட்டிய கை பாதியில் நின்றது.

"டேய், அன்னைக்குப் பாயசம் வேற இருந்துச்சாமே..."

பல்கீஸ் ஒரு முக்காலியை இழுத்துத் தம்பியிடம் தள்ளினாள்.

"நீங்க உக்காருங்க. உங்க அண்ணனுக்கு இன்னும் புகை இருக்கு."