ருசி பார்க்காத பட்டம்

கருங்குன்றத்து ராஜா மார்த்தாண்ட பூபதிக்குப் பட்டங்கள் என்றால் உயிர். கட்டியக்காரன் அத்தனையையும் கூவி முடிப்பதற்குள் சபையில் பாதிப் பேர் தூங்கிவிடுவார்கள். அப்படியும் மனிதருக்குப் போதாது.

எல்லைத் தகராறைப் பார்க்கக் கலெக்டர் துரை வந்தார். பக்கத்து ஊர்க் கண்மாய் தமக்கே சொந்தம் என்பது ராஜாவின் வாதம். எல்லைக்கல்லும் கண்மாய்க்கு அந்தப் பக்கம்தான் நின்றது. ஆனால் கல்லின் அடியில் தோண்டிய மண் இன்னும் காயவில்லை. துரை கல்லைப் பார்த்தார், ராஜாவைப் பார்த்தார். "ஷிகேனரி!" என்றார். மறுநாள் தீர்ப்பு என்று சொல்லிவிட்டுக் குதிரை ஏறிவிட்டார்.

"என்ன ஓய் சொன்னார்?" என்று கேட்டார் ராஜா.

துரையின் பேச்சைத் தமிழில் சொல்வது துபாஷி அனந்தப்பரின் வேலை. அந்த வார்த்தைக்குத் தில்லுமுல்லு என்று அர்த்தம். அதைச் சொன்னால் வேலை போய்விடும்.

"அபார ராஜதந்திரம் என்று புகழ்ந்தார், மகாராஜா!"

ராஜா பூரித்துப் போனார். "நாளைக்குத் துரை வரும்போது, 'ஷிகேனரி மார்த்தாண்ட பூபதி பராக்!' என்று கட்டியம் கூறுங்கள்!"

அரண்மனை விகடன் சொக்கையன் குறுக்கே ஓடிவந்தான். அவனுக்கும் கொஞ்சம் இங்கிலீஷ் தெரியும். "ஐயோ, அது வசவு மகாராஜா! நாமே திருட்டை ஒப்புக்கொண்ட மாதிரி ஆகும். கண்மாயோடு கருங்குன்றமும் போய்விடும்!"

"பொறாமை பிடித்தவனே! துரை வருவதற்குள் நிரூபி. இல்லையென்றால் மொட்டையடித்துக் கழுதைமேல் ஏற்றுவேன்."

சொக்கையன் தலையைத் தடவிக்கொண்டான். நல்ல அடர்த்தியான முடி.

மறுநாள் சபையில் அவன் பணிவாகக் கேட்டான். "மகாராஜா, தாங்கள் சாப்பிடுமுன் சோற்றை இன்னொருவர் ருசி பார்ப்பது வழக்கம்தானே?"

"ஆமாம்."

"சோற்றுக்கே அப்படி. சீமைப் பட்டத்தை ருசி பார்க்காமல் சூடலாமா? இன்று துபாஷி அதைச் சூடட்டும். துரை வந்ததும், 'அடியேன் ஷிகேனரி அனந்தப்பன்' என்று அவரே சொல்லட்டும்."

"பேஷ்! கொடுத்தேன்!" என்றார் ராஜா.

அனந்தப்பருக்கு வியர்த்துக் கொட்டியது. "எனக்கு அந்தத் தகுதி இல்லை..."

"நான் தருகிறேன் ஓய்!"

"உடம்பு வேறு சரியில்லை..."

"பட்டத்துக்கு உடம்பு எதற்கு?"

ஒரு சால்வைக்காக வருஷக்கணக்கில் அழுத மனிதர், வந்த பட்டத்தை வேண்டாம் என்கிறார். ராஜாவின் மீசை துடித்தது. அனந்தப்பர் தடாலென்று காலில் விழுந்து உண்மையைக் கக்கிவிட்டார்.

"ஓடுங்கள்! துரை வருமுன் கல்லைப் பழைய இடத்தில் நட்டுத் தொலையுங்கள்!" என்று ராஜா அலறினார். ஆட்கள் கடப்பாரையோடு ஓடினார்கள்.

படபடப்பு அடங்கியபின் ராஜா கேட்டார். "சொக்கையா, அந்த வார்த்தையை எங்கெல்லாம் பிரயோகிக்கலாம்?"

"தாங்கள் கல்லை நகர்த்தினீர்களே, அங்கே பிரயோகிக்கலாம். துபாஷி தங்களுக்கு அர்த்தம் சொன்னாரே, அங்கேயும் பொருந்தும். நான் ருசி பார்க்கச் சொன்னேனே, அதுவும் அதுதான்."

ராஜா குபீரென்று சிரித்துவிட்டார். தம் சால்வையை எடுத்து அவனுக்குப் போர்த்தினார். "அந்தப் பட்டமும் உனக்கே!"

"வேண்டாம் மகாராஜா. மூன்று பேர் சேர்ந்து சம்பாதித்த பட்டம். ஒருவனுக்குக் கொடுத்தால் மற்ற இருவருக்கும் மனசு கஷ்டப்படும்."