சாவித் துவாரத்து ஈக்கள்

செங்குளம் ஜமீனில் சின்னவர் முத்துவீரப்பர் பட்டத்துக்கு வரவேண்டிய நாள். அண்ணன் பெரியவர் காசிக்குப் போய் இரண்டு வாரமாகிறது, இனித் திரும்பமாட்டார் என்று சின்னவரே ஊருக்குச் சொல்லியிருந்தார். அரண்மனை முழுக்கச் சாம்பிராணி புகைந்துகொண்டே இருந்தது. ஆனாலும் இரண்டு நாளாகப் பச்சை நிற ஈக்கள் கொத்துக் கொத்தாக மொய்த்தன.

விருந்துக்குத் தாசில்தார் வருவதால் சின்னவர், வீடு கூட்டும் சடைச்சியை அழைத்தார். "உச்சிப்பொழுதில் இங்கே ஒரு ஈ பறக்கக்கூடாது. பறந்தால் உன் குடும்பம் இந்த ஊரில் இருக்காது."

"சரிங்க சாமி," என்றாள் சடைச்சி.

சன்னல்களுக்கெல்லாம் ஈரத் துணி கட்டினாள். வேப்பிலைப் புகை போட்டு எல்லா ஈயையும் விரட்டி, வாசலுக்கும் திரை போட்டாள். வீடு இருண்டு அமைதியானது.

தாசில்தார் இலைமுன் உட்கார்ந்தார். சோற்றில் ஒரு ஈ வந்து உட்கார்ந்தது. பிறகு இன்னொன்று.

"சொன்னது என்ன, நீ செய்தது என்ன?" என்று சின்னவர் சீறினார்.

சடைச்சி கைகட்டி நின்றாள். "வெளியிலிருந்து வர்ற வழியெல்லாம் அடைச்சிட்டேன் சாமி. இது உள்ளேயிருந்து வருது."

அவள் காட்டிய இடத்தில் பூட்டிய நெல்லறை இருந்தது. அதன் சாவித் துவாரத்திலிருந்து ஈக்கள் ஒவ்வொன்றாக ஊர்ந்து வெளியே வந்துகொண்டிருந்தன.

"உங்க உத்தரவை முடிக்க அந்தச் சாவி மட்டுந்தான் சாமி பாக்கி."

சின்னவர் இடுப்பிலிருந்த சாவிக்கொத்தைப் பொத்திக்கொண்டார். தாசில்தார் எழுந்து கையை நீட்டினார்.

கதவு திறந்தது. பெரியவர் காசிக்குப் போகவில்லை.